மறைந்த ரேகையும் வெள்ளை விளக்கும்: ஒளிரும் பாஸ்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்பர் பவுடரை வைத்து மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. விளக்கை அணைத்து, புறஊதா டார்ச்சை அடித்து, கண்ணாடித் துண்டில் ஒரு விரல்ரேகை சிவப்பாகத் துலங்கியதும் எல்லோரும் ஒரு நொடி வாயடைத்து நிற்பார்கள். அப்புறம் கேள்விகள் கிளம்பும். எந்தக் கூட்டமானாலும் கேள்விகள் ஏறக்குறைய அதேதான். அவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாஸ்பர்னா பாஸ்பரஸ்தானே? அது விஷமாச்சே?

இல்லை. பெயர் மட்டும்தான் உறவு. 'ஒளியைச் சுமப்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற தனிமம் இருட்டில் மினுங்குவது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரிவதால். அது தன்னையே செலவழித்து ஒளிர்கிறது. பாஸ்பர் அப்படிச் செலவாவதில்லை. வெளியிலிருந்து வரும் ஆற்றலை வாங்கி, வேறு நிற ஒளியாகத் திருப்பித் தருகிறது. பெரும்பாலான பாஸ்பர்களில் பாஸ்பரஸ் தனிமம் துளியும் கிடையாது. இட்ரியம் ஆக்சைடு, ஸ்ட்ரான்சியம் அலுமினேட், துத்தநாக சல்பைடு என்று பட்டியல் நீளும்.

இந்தக் கதை பழையது. 1600களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனியாவில் வின்சென்சோ காசியரோலோ என்ற செருப்புத் தைப்பவர், ரசவாத ஆசையில் கனமான ஒரு கல்லைக் கரியோடு சேர்த்து வறுத்தார். தங்கம் வரவில்லை. வெயிலில் காட்டி இருட்டுக்குக் கொண்டுபோனால் தணல்போல ஒளிரும் கல் வந்தது. கல் பேரைட், வறுத்ததில் உண்டானது பேரியம் சல்பைடு.

சரி, ஒரு வெள்ளைப் பவுடர் எப்படிச் சிவப்பா ஒளிருது? சாயம் கலந்திருக்கா?

சாயம் இல்லை, மாசுதான். வேண்டுமென்றே அளந்து சேர்த்த மாசு. தாங்கிப் படிகம் ஒன்று, அதில் நூற்றுக்குச் சில அணுக்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரவைத்த வேறு அயனி ஒன்று, இவ்வளவுதான் பாஸ்பர். உட்காரவைத்த அயனியைச் செயலூக்கி என்கிறோம். இட்ரியம் ஆக்சைடில் யூரோப்பியம் சேர்த்தால் 611 நானோமீட்டர் அலைநீளத்தில் சுத்தமான சிவப்பு வரும். டெர்பியம் சேர்த்தால் 545 நானோமீட்டரை ஒட்டிப் பச்சை.

யூரோப்பியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று நேர்மின்னூட்டம் உள்ள யூரோப்பியம் 590 நானோமீட்டர் பக்கம் ஆரஞ்சும், 611 பக்கம் சிவப்பும் உமிழும். அயனியைச் சுற்றியுள்ள அணுக்கள் எதிரெதிராகச் சமச்சீராக அமைந்திருந்தால் ஆரஞ்சு ஓங்கும். சமச்சீர் குலைந்திருந்தால் சிவப்பு ஓங்கும். ஆகவே ஒளியின் நிறத்தை வைத்தே, படிகத்துக்குள் அந்த அயனி எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டு நேர்மின்னூட்டம் உள்ள யூரோப்பியம் முற்றிலும் வேறு ஆள். தாங்கியைப் பொறுத்து நீலம், பச்சை, சிவப்பு என்று எதுவாகவும் மாறும்.

டார்ச்சை எடுத்ததும் அணைஞ்சு போறது, எடுத்த பிறகும் மினுங்குறது, ரெண்டும் ஒண்ணுதானா?

முதலாவது உடனொளிர்வு, இரண்டாவது நின்றொளிர்வு. நின்று ஒளிரும் பாஸ்பரில் எலக்ட்ரான்கள் படிகத்தில் உள்ள குழிகளில் மாட்டிக்கொள்கின்றன. அறை வெப்பம் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி வெளியே அனுப்புகிறது. சுவரில் ஒட்டும் நட்சத்திரங்களிலும் அவசர வழிப் பலகைகளிலும் இருப்பது பெரும்பாலும் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். 1990களில் அது வந்தபிறகு பழைய துத்தநாக சல்பைடு பின்னுக்குப் போனது. பழையது சில மணி நேரத்துக்குள் மங்கிவிடும், புதியது இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

மறைந்த ரேகைன்னா என்ன? கண்ணுக்கே தெரியாததைப் பவுடர் எப்படிக் கண்டுபிடிக்குது?

பவுடர் எதையும் கண்டுபிடிப்பதில்லை, ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். விரல் நுனியில் வரிமேடுகளும் இடையே பள்ளங்களும் இருக்கின்றன. மேடுகளின் மேல் வியர்வைத் துளைகள் வரிசையாக இருக்கும். வியர்வையில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர், மிச்சம் உப்பு, அமினோ அமிலம், யூரியா. விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஆனால் நாள் முழுக்க முகத்தையும் தலைமுடியையும் தொடுகிறோம், அந்த எண்ணெய் விரலுக்கு வந்துவிடுகிறது. பொருளைத் தொடும்போது மேடுகள் பட்ட இடத்தில் மட்டும் இந்தக் கலவை மெல்லிய படலமாகப் படிகிறது.

அந்த ஈரப்பிசுக்கில் நுண்துகள் ஒட்டும், வெறும் கண்ணாடியில் ஒட்டாது. ஒரு வரிமேட்டிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் என்பதால், துகள் அதைவிட மிகச் சிறியதாக இருந்தாக வேண்டும். பிரஷ்ஷின் நுனி மட்டும் படவேண்டும், வரிகள் ஓடும் திசையிலேயே நகரவேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது ஆசையில் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டேன். பள்ளமெல்லாம் நிரம்பி, ரேகை இருந்த இடத்தில் ஒளிரும் ஒரு முட்டைதான் மிஞ்சியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிரமாதமான பிரகாசம், அடையாளம் காண ஒரு வரி இல்லை.

கறுப்புப் பவுடர், அலுமினியப் பவுடர் எல்லாம் ரொம்ப நாளா இருக்கே. அதுவே போதாதா?

பல இடங்களில் போதும். வெள்ளை ஓட்டில் கறுப்புப் பவுடரும் கறுப்புக் கண்ணாடியில் அலுமினியமும் இன்றும் முதல் கைக்கருவிதான். சிக்கல் வருவது பல நிற அச்சு உள்ள பொருட்களில். ஒரு குளிர்பான டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பட்டை, வெள்ளை எழுத்து, கறுப்புக் கோடுகள், வெள்ளி நிறத் தகரம் எல்லாம் இரண்டு அங்குலத்துக்குள். ஒரே ரேகை இந்த நான்கின் மேலும் விழுந்திருக்கும். எந்த நிறப் பவுடரைப் போட்டாலும் எங்காவது ஒரு பகுதியில் ரேகை காணாமல் போகும். ஒளிரும் பவுடர் போட்டு அறையை இருட்டாக்கினால் அச்செல்லாம் கறுப்பில் கரைந்துவிடும், ரேகை மட்டும் நிற்கும்.

சந்தையில் கிடைக்கும் ஒளிரும் ரேகைப் பவுடர்களில் பல கரிமச் சாயத்தைக் கொண்டவை. யூரோப்பியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்த்த பாஸ்பர்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

எந்தப் பவுடரும் போடாம, வெறும் புறஊதா விளக்கு அடிச்சாலே ரேகை தெரியாதா? படத்துல அப்படித்தானே காட்டுறாங்க?

படத்தில் எல்லாமே சுலபம். ரேகைப் படிவில் தானாக ஒளிரும் சேர்மங்கள் கொஞ்சம் உண்டு என்பது மெய்தான். 1977இல் டால்ரிம்பிள், டஃப், மென்செல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஆர்கான் லேசர் அடித்து, எந்த வேதிப்பொருளும் இல்லாமலே ரேகை ஒளிர்வதைக் காட்டினார்கள். தொடாமலே பார்க்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் இன்றும் முதலில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பவுடரை எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஒளிர்வு மிகவும் மெலிது. விரல் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

எந்த நிறத்துல ஒளிர்ற பவுடர் நல்லது? நீலமா, பச்சையா, சிவப்பா?

நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். அதனால் எல்லோரும் பச்சை என்பார்கள். எதன்மேல் போடப் போகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

ஒரு வெள்ளைத் தாளைப் புறஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள், பளீரென்று நீலமாக ஒளிரும். வெண்மை கூட்டுவதற்காகத் தாளிலும் வெள்ளை அட்டையிலும் சில பிளாஸ்டிக்குகளிலும் சேர்க்கும் வேதிப்பொருள்தான் காரணம், சலவைத்தூளிலும் அதுவே இருக்கிறது. அதன்மேல் நீலமாக ஒளிரும் பாஸ்பரைத் தூவினால் பாலில் சுண்ணாம்பு கலந்த கதை. அங்கே சிவப்புதான் கைகொடுக்கும். கூடவே, நீலத்தைத் தடுத்துச் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியைக் கேமராவின் முன்னால் வைக்கலாம். யூரோப்பியத்தின் சிவப்பு குறுகிய கோடாக வருவதால் வடிகட்டியால் அதைப் பிரித்தெடுப்பது எளிது. ஆய்வாளர்கள் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டிருப்பதும் இதற்காகத்தான். நீல விளக்கின் ஒளி கண்ணுக்கு வராமல், ரேகையின் ஒளி மட்டும் வரும்.

வடிகட்டி போட்டும் பின்னணி சேர்ந்து ஒளிருதே? அப்போ என்ன பண்றது?

மூன்று வழிகள் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

முதல் வழி, நேரத்தை வைத்துப் பிரிப்பது. சாயமும் பிளாஸ்டிக்கும் ஒளிர்ந்தால் சில நானோநொடிகளில் அடங்கிவிடும். யூரோப்பியமும் டெர்பியமும் மில்லிநொடிக் கணக்கில் ஒளிரும், கிட்டத்தட்ட லட்சம் மடங்கு நீளம். ஒளித்துடிப்பை அடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் கேமராவின் கண்ணைத் திறந்தால் பின்னணி தூங்கிவிட்டிருக்கும், ரேகை விழித்திருக்கும். மேலே சொன்ன மூவரில் ஒருவரான மென்செல் பின்னாளில் இந்த வழியில் நிறைய உழைத்தார். கருவிதான் விலை கூடியது. இரண்டாவது வழி, அதையே ஏழை முறையில் செய்வது. நின்றொளிரும் பவுடரைப் போடுங்கள். டார்ச்சை அடியுங்கள், அணையுங்கள், கேமராவை முக்காலியில் வைத்துப் பல நொடி திறந்து வையுங்கள். பின்னணி ஒளிர்வு சுத்தமாகப் போய்விடும்.

மூன்றாவது வழி தலைகீழானது. வழக்கமான பாஸ்பர் அதிக ஆற்றல் ஒளியை வாங்கிக் குறைந்த ஆற்றல் ஒளியைத் தருகிறது. இட்டெர்பியமும் எர்பியமும் சேர்த்த சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு, 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கி, இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, சேர்த்து ஒரு பச்சை ஃபோட்டானாகத் தருகிறது. அகச்சிவப்பு அடித்தால் தாளோ அச்சு மையோ பச்சையாக ஒளிர்வதில்லை. பின்னணி கும்மிருட்டு. குறை என்னவென்றால் ஒளி மாற்றும் திறன் மிகக் குறைவு, வலுவான லேசர் வேண்டும். அகச்சிவப்புக் கற்றை கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்தும் கூடுதல்.

நானோ பவுடர்னா இன்னும் நல்லா வரும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. துகள் சிறியதானால் வியர்வைத் துளை வரை நுணுக்கமாகத் தெரியும். ஆனால் அளவுக்கு மீறிச் சிறியதானால் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கட்டியாகும், பள்ளத்திலும் போய் ஒட்டும். போதாக்குறைக்கு, நானோ துகளில் பெரும்பகுதி அணுக்கள் மேற்பரப்பில் இருப்பதால் வாங்கிய ஆற்றல் அங்குள்ள குறைகளில் வெப்பமாக வீணாகும், ஒளி மங்கும். ரேகைக்கு ஒரு மைக்ரானை ஒட்டிச் சில மைக்ரான் வரையிலான துகளே நன்றாக வேலை செய்கிறது என்பது என் கைப்பழக்கம். நானோ தூசி நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் என்பதையும் மறக்கவேண்டாம். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் காட்மியம் நானோ துகள்கள் அழகாக ஒளிரும், ஆனால் காட்மியத்தைப் பொடியாக்கித் தூவுவதை நான் செய்யமாட்டேன்.

தாள், துணி, நனைஞ்ச கண்ணாடி இதுல எல்லாம் வேலை செய்யுமா?

பவுடர் என்பது வழுவழுப்பான, எதையும் உறிஞ்சாத பரப்புக்குத்தான். தாளில் வியர்வை இழைகளுக்குள் இறங்கிவிடும், மேலே ஒட்டுவதற்குப் பிசுக்கு மிஞ்சாது. உள்ளே தங்கும் அமினோ அமிலத்தோடு வினைபுரியும் பொருள் வேண்டும். நின்ஹைட்ரின் அப்படிப்பட்டது. 1910இல் ரூஹேமன் என்ற வேதியியலாளர் கண்டறிந்த அதன் ஊதா நிற வினையை 1954இல்தான் ரேகைக்குப் பயன்படுத்தினார்கள். நடுவே 44 வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

நனைந்த பொருளில் உலர் பவுடர் சேறாகும். சோப்பு நீரில் கலக்கிய நுண்துகளை மேலே ஊற்றுவார்கள், துகள் எண்ணெய்ப் பகுதியில் ஒட்டும். ஒருமுறை ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை அப்படிக் கலக்கி இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார்த்தேன். குப்பியின் அடியில் மாவுபோல ஒன்று, ஒளி செத்துவிட்டது. அது தண்ணீரோடு வினைபுரியும் பொருள். மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் நீரில் போடக்கூடாது.

ரேகை எத்தனை நாள் பழசுன்னு ஒளிர்வை வெச்சுச் சொல்ல முடியுமா?

முடியாது. ரேகை உலரும் வேகம் வெப்பம், ஈரப்பதம், பரப்பு, தொட்டவரின் வியர்வை எல்லாவற்றையும் பொறுத்தது. பழையதில் பவுடர் ஒட்டுவது குறையும், உண்மைதான். ஆனால் மங்கலாக வந்தால் பழையது என்று சொல்லிவிட முடியாது. நேற்று கைகழுவியதும் தொட்ட ரேகை, போன வாரம் நெற்றியைத் துடைத்துவிட்டுத் தொட்டதைவிட மங்கலாக வரலாம்.

பவுடர் போட்டா டிஎன்ஏ கெட்டுப்போகுமா?

பவுடரைவிட விளக்குதான் கவலை. 254 நானோமீட்டர் புறஊதா டிஎன்ஏவை நேரடியாகச் சிதைக்கும், கிருமிகளைக் கொல்ல அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். 365 நானோமீட்டரில் அந்தக் கெடுதல் மிகக் குறைவு. இரண்டாவது கவலை பிரஷ். ஒரு பொருளில் பட்ட பிரஷ்ஷை இன்னொன்றில் வைத்தால் ஒருவர் தோல்செல் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும்.

அதே 254 விளக்கு உங்கள் கண்ணையும் சுடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலைப் போட்டதுபோல உறுத்தும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த விளக்கைத் தொடாதீர்கள்.

எல்இடி பல்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் கைபேசியின் ஃப்ளாஷ் விளக்கை அணைத்த நிலையில் உற்றுப் பாருங்கள். சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். அதுதான் பாஸ்பர், பெரும்பாலும் சீரியம் சேர்த்த இட்ரியம் அலுமினியம் கார்னெட். அதன் அடியில் இருக்கும் சில்லு வெறும் நீல ஒளியை, 450 நானோமீட்டர் அளவில், உமிழ்கிறது. கொஞ்சம் நீலம் பொட்டின் வழியே அப்படியே வெளியேறும், மிச்சத்தைப் பாஸ்பர் வாங்கி மஞ்சளாகத் தரும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. இந்தக் கூட்டணியில் வெள்ளை எல்இடி 1996இல் சந்தைக்கு வந்தது. நீலச் சில்லுக்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மஞ்சள் பொட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது பாஸ்பர்காரர்களின் நிரந்தரக் குறை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். டியூப்லைட்டில் பாதரசம் தரும் 254 நானோமீட்டர் ஒளியை 611 சிவப்பாக மாற்றும்போது, ஒரு ஃபோட்டான்கூட வீணாகாவிட்டாலும் ஆற்றலில் 254/611, அதாவது 42 சதவீதம்தான் மிஞ்சும். எல்இடியில் 450ஐ 550 மஞ்சளாக மாற்றினால் 82 சதவீதம் மிஞ்சும். நிறம் மாற்றுவதற்கு இயற்கை வாங்கும் கூலி எல்இடியில் குறைவு.

அப்போ சில எல்இடி வெளிச்சத்துல சிவப்புத் துணி ஏன் செத்த மாதிரி தெரியுது?

மேலே சொன்ன நீலம், மஞ்சள் கூட்டணியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி எப்படித் திருப்பித் தரும்? ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று நூற்றுக்கு அளக்கும் நிறம் காட்டும் குறியீடு இப்படிப்பட்ட விளக்குகளில் 70 முதல் 80க்குள் நிற்கும். சிவப்புப் பாஸ்பர் ஒன்றைச் சேர்த்தால் 90ஐத் தாண்டலாம். யூரோப்பியம் சேர்த்த நைட்ரைடு ஒரு வகை. ஆனால் அதன் ஒளிப்பட்டை அகலம், கண்ணுக்கு உணர்வு குறைந்த அடர்சிவப்பு வரை வழிந்து வீணாகும். மாங்கனீஸ் சேர்த்த பொட்டாசியம் சிலிக்கோ ஃப்ளோரைடு 630ஐ ஒட்டிக் குறுகிய கோடுகளாகத் தருகிறது, வீண் குறைவு. ஈரம் பட்டால் கெடும் என்பது அதன் தலைவலி.

பழைய டியூப்லைட்டை உடைச்சு, உள்ளே இருக்கிற வெள்ளைப் பவுடரை ரேகைக்குத் தூவினா என்ன?

யாராவது ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி. செய்யாதீர்கள். குழாயில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும், பவுடரிலும் அது ஒட்டியிருக்கும். ஒருகாலத்தில் டியூப்லைட் பாஸ்பரில் பெரிலியமே இருந்தது. தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டபிறகு 1940களின் இறுதியில் கைவிட்டார்கள். தற்செயலாகக் குழாய் உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள்.

பாதரசத்தை மறந்தாலும் பயன் குறைவு. அந்தப் பவுடர் 254 நானோமீட்டரில் வேலை செய்யத் தயாரானது. கடையில் வாங்கும் 365 டார்ச்சுக்கு அதில் பெரும்பகுதி அசையாது.

அப்படின்னா 'ரேகைக்கும் விளக்குக்கும் ஏற்ற பாஸ்பர்'னு ஆய்வுக் கட்டுரைகள் வருதே, அது பொய்யா?

பொய்யில்லை, ஆனால் தலைப்பு கொஞ்சம் அவசரப்படுகிறது. ஒரே பவுடர் இரண்டு வேலையும் செய்வதை இயற்கை தடுக்கவில்லை. ஆனால் இரண்டு வேலைக்கும் வேண்டிய குணங்கள் வேறு வேறு. ரேகைக்கு அறை வெப்பம்தான். ஒளிர்வதும் சில நிமிடம்தான். துகளின் அளவும் ஒட்டுதலும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவதும் முக்கியம். விளக்கில் பாஸ்பர் 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிக்கிடக்கும், பல ஆயிரம் மணி நேரம் உழைக்கவேண்டும். அறையில் பளீரென்றிருந்த பவுடர் அந்தச் சூட்டில் பாதி ஒளியை இழந்தால் விளக்குக்கு ஆகாது. ஒட்டுதலைப் பற்றி விளக்குக்குக் கவலையே இல்லை, பிசினில் குழைத்துப் பூசிவிடுவார்கள்.

இன்னொரு பொறி, தூண்டும் ஒளி. யூரோப்பியம் சேர்த்த ஆக்சைடு 254 விளக்கில் கண்ணைப் பறிக்கும். அதையே நீலச் சில்லின்மேல் வைத்தால், 465 நானோமீட்டரில் இருக்கும் மெல்லிய கோடு வழியாகத்தான் கொஞ்சம் வாங்கும். நீலத்தில் பெரும்பகுதி அப்படியே தப்பிப்போகும். ஆகவே கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எந்த அலைநீளத்தில் தூண்டினார்கள் என்பதை. அடுத்து, சூடேறும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்ற வரைபடத்தை. நிற வரைபடத்தில் ஒரு புள்ளி குத்தி 'வெள்ளை விளக்குக்கு ஏற்றது' என்று முடித்திருந்தால், விளக்கு இன்னும் எரியவில்லை என்று வைத்துக்கொள்வேன்.

இதை எப்படித் தயாரிக்கிறாங்க? பெரிய தொழிற்சாலை வேணுமா?

விளக்குத் தரத்துக்கு மூலப்பொருட்களை அரைத்து 1,400 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுடுவது வழக்கம். ஆய்வகத்தில் குறுக்குவழி, எரிப்பு முறை. உலோக நைட்ரேட்டுகளையும் யூரியாவையும் நீரில் கரைத்து, 500 டிகிரி உலையில் வைப்பார்கள். கொதிக்கும், நுரைக்கும், திடீரென்று தீப்பற்றும். சில நிமிடத்தில் அப்பளம்போல உப்பிய, தொட்டால் உதிரும் சாம்பல் கிடைக்கும். யூரியாவுக்குப் பதில் தாவரச் சாறு ஊற்றிச் செய்வது இப்போது பழக்கமாகிவிட்டது. அதுவும் எரிபொருள்தான், 'பசுமை முறை' என்ற பட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகவே சூட்டிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். வெளியேறுவது நைட்ரஜன் ஆக்சைடு புகை.

யூரோப்பியத்தை அதிகமாச் சேர்த்தா ஒளியும் அதிகமாகும்தானே?

ஒரு அளவு வரைதான். அயனிகள் நெருங்க நெருங்க, ஒன்று வாங்கிய ஆற்றலை அடுத்ததற்குக் கைமாற்றும். அது இன்னொன்றுக்குத் தரும். கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஏதாவது படிகக் குறையில் விழுந்து வெப்பமாகும். பல பாஸ்பர்களில் நூற்றுக்குச் சில அயனிகளோடு உச்சம் வந்துவிடும், அதற்கு மேல் ஒளி இறங்கும். அருமண் விலையை நினைத்தால் இது நல்ல செய்திதான்.

கட்டுரைகள்ல ரேகைப் படம் எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கே. எனக்கு அப்படி வரலையே?

பல படங்கள் 'தயார்செய்த' விரலால் வைத்தவை. நெற்றியிலும் மூக்கிலும் தடவி எண்ணெய் ஏற்றிக்கொண்டு, புத்தம்புதுக் கண்ணாடியில் அழுத்தி, ஐந்தாவது நிமிடம் பவுடர் போட்டால் முகப்பவுடரே நன்றாக வரும்.

நேர்மையான சோதனை வேறு. பலருடைய விரல் வேண்டும். ஒரே விரலை அடுத்தடுத்துப் பத்து இடத்தில் வைத்து, பத்தாவதிலும் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். ரேகையை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புதுப் பவுடர், மறுபாதியில் வழக்கமான பவுடர் போட்டு ஒப்பிடவேண்டும். தரத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. ஒன்றுமே தெரியாவிட்டால் 0, வரிகள் முழுமையாகத் தெளிந்தால் 4. புதுப் பவுடர் கொண்டுவரும் மாணவர்களிடம் பாதிப் பாதிப் படத்தைக் காட்டுங்கள் என்பேன். பல நேரம் அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விடுவார்கள்.

பவுடர், விளக்கு எதுவும் இல்லாம வீட்டுல எதையாவது பார்க்க முடியுமா?

சுவரில் ஒட்டும் ஒளிரும் நட்சத்திரம் ஒன்று இருந்தால் போதும். பெட்டிக்குள் ஒரு நாள் இருட்டில் வையுங்கள். அப்புறம் கைபேசித் திரை முழுக்கச் சிவப்பு நிறம் வரவைத்து, பிரகாசத்தை முழுதாக ஏற்றி, நட்சத்திரத்தை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்து எடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. அதே திரையை நீலமாக்கி, குறைந்த பிரகாசத்தில், பத்து நொடி வையுங்கள். மினுங்கும். சிவப்பு ஃபோட்டான் எத்தனை கோடி வந்தாலும், தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் பச்சை ஒளியைக் கிளப்பும் அளவு ஆற்றல் இல்லை. மறக்காமல் சிவப்பை முதலில் செய்யுங்கள், நீலத்தை முதலில் காட்டிவிட்டால் நட்சத்திரம் நிரம்பிவிடும், மறுபடி ஒரு நாள் காத்திருக்கவேண்டும்.